முதலில் யாரை அழைப்பது?

ஓவர்லாக் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து சரித்திரம் பேசுவது எளிதல்ல. ஆயினும் சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னதாக எனக்கு அந்தச் சோதனை நேர்ந்தது.

திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் 'பவர் டேபிள்' வைத்திருக்கிறார். கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைப் பனியனாகத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். தையற்காரர்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்து இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைத்துக் காயப்போட்டு முடிந்ததும் அவர்கள் ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு பொட்டல் காட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கம்பக்கத்து நான்கு பவர் டேபிள்களுக்கும் ஆயுத பூஜையை ஒட்டி ஒரு கால்பந்துப் போட்டி உண்டு. அதற்கு முந்தின ஆண்டு நல்ல ஆட்டக்காரர் எல்லாரும் ஒரே யூனிட்டில் அமைந்துவிட, ஆட்டம் ரகளையில் முடிந்ததாம். ஆகவே இம்முறை நாற்பத்து நான்கு பெயரையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, முதலாளிகள் நால்வரும் முறை வைத்து ஒவ்வொருவராக அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. சீட்டுக் குலுக்கியதில் முதல் அழைப்பு என் நண்பருக்கு விழுந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க நாலு புஸ்தகம் படிச்சவங்க. பதினோரு பேர்ல மொதல்ல யாரைக் கூப்புடோணும்? சொல்லுங்க" என்றார்.

"கோல் போடுகிறவனைத்தான். இதற்குப் புஸ்தகம் எதற்கு?" என்றேன். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது எழுத்தாளர்களின் பொதுவான வியாதி.

அவர் தலையை ஆட்டினார்; ஆனால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, சொன்ன பதிலுக்கு ஆதாரம் தேடப் புகுந்தேன். அங்கேதான் வம்பு பிடித்தது.

கிராமத்தில் பிறந்த வாசகர்களுக்கு 'உத்தி பிரிப்பது' நினைவிருக்கும். தலைவர்கள் இருவர் நின்றுகொள்வார்கள். மற்றப் பிள்ளைகள், ஏறத்தாழச் சம பலம் உள்ளவர்களாக, இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு தூரப் போவார்கள். ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "பனைமரம் வேணுமா, புளியமரம் வேணுமா?" என்று கேட்பார்கள். பனைமரம் என்று ஒரு தலைவன் சொன்னால் பனைமரம் அவன் பக்கம், புளியமரம் எதிர்ப்பக்கம். எனக்கு எப்போதும் ஜோடி, என்னைப் போலவே ஓடத் தெரியாத ஒரு பையன்தான். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் சமம். அதில் முதலில் அழைக்கப்பட்டவன் என்றும் இல்லை, கடைசியில் மிஞ்சியவன் என்றும் இல்லை.

உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகுதான் பெயர் சொல்லி அழைக்கும் முறையைக் கண்டேன். அழைத்து அழைத்துக் கடைசியில் நான் ஒருவன் மட்டும் நிற்பேன். "சரி, நீ கோல்ல நில்லு" என்பார்கள். நம் ஊர்த் தெருக்கள் பலவற்றில் கோல்காப்பாளர் என்பவர் இப்படி மிஞ்சிப் போனவர்தான்.

அழைக்கும் முறைக்கு ஒரு சட்டமே செய்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் 'ஃபுட்பால்' என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம்; அது போகட்டும். 1935ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சொந்தக்காரரான பெர்ட் பெல், ஒரு யோசனை சொன்னார்: கடைசி இடத்தில் வந்த அணி கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளை அழைத்துக்கொள்ளட்டும் என்று. அந்த ஆண்டு கடைசியில் வந்தது அவருடைய அணியே! 1936 பிப்ரவரியில், பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் ஒன்பது அணிகள் கூடின. முதல் அழைப்பு, சிகாகோ பல்கலைக் கழகத்தில் பந்தோடு பாய்ந்தோடுவதில் புகழ் பெற்றிருந்த ஜே பெர்வாங்கருக்கு. அவரோ சம்பளம் கட்டுப்படியாகாது என்று தொழில்முறை ஆட்டத்தையே தொடாமல், ரப்பர் மெத்தைச் சரக்கு விற்கப் போய்விட்டார். முதல் அழைப்பின் சரித்திரம் தொடங்கியதே இப்படி.

நம்முடைய கால்பந்துக்கு வருவோம். 1872 நவம்பர் 30ந் தேதி கிளாஸ்கோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. தேசத்துக்கும் தேசத்துக்கும் நடந்த முதல் ஆட்டம் அது. இங்கிலாந்து அணியில் எட்டுப் பேர் முன்வரிசைக்காரர்கள். ஸ்காட்லாந்தில் ஆறு பேர். பதினான்கு பேர் கோல் போடுவதற்கென்றே திரிந்த அந்த ஆட்டத்தில் விழுந்த கோல்கள் எத்தனை தெரியுமா? ஒன்றுமில்லை. என் பதிலுக்கு முதல் அடி அங்கே விழுந்தது.

1925ல் 'ஆஃப்சைடு' விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை பந்தை முன்னே வாங்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரிகள் மூவர் இருக்கவேண்டும். இனி இருவர் போதும் என்றார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்தின ஆண்டு 1,192ஆக இருந்த கோல்கள், அடுத்த ஆண்டு 1,703 ஆகிவிட்டன. உடனே ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன், நடு ஆட்டக்காரரைப் பின்னே இழுத்துக் கோலுக்கு முன்னால் காவல் நிறுத்தினார். 'ஸ்டாப்பர்' என்ற பதவி பரவியது அப்படித்தான். நேற்றுவரை வேண்டாதவன், ஒரு விதி மாறியதும் முதலில் வேண்டியவன் ஆகிவிட்டான்.

1928ல் அதே ஆர்சனல் அணி முதுகில் எண்கள் தைத்த சட்டையோடு களம் இறங்கியது. கோல்காப்பாளருக்கு ஒன்று, நடு முன்வரிசைக்காரருக்கு ஒன்பது என்று எண்ணே பதவியாக நிலைத்தது. உலகக் கோப்பை வரும் ஆண்டுகளில் எங்கள் திருப்பூரில் ரசிகர் பனியன்கள் தைக்கப்படுவதுண்டு. ஒன்றாம் எண்ணைக் கேட்டு வாங்குகிற ரசிகனை நான் கண்டதில்லை.

இவ்வளவும் வெளிதேசத்துக் கதை. எனக்கு உறைத்த பாடம் நம் மலைமேலேயே இருந்தது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் ஏறினால் வெலிங்டன். அங்கே மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம். 1953ல் பட்டாளத்தில் சேர்ந்த பீட்டர் தங்கராஜ் என்ற நெடிய இளைஞர் அந்த நிலையத்தின் அணிக்கு ஆடினார். ஐதராபாத்தில் பிறந்தவர். அவர் ஆடத் தொடங்கிய இடம் எது என்கிறீர்கள்? கோல் போடும் இடம், நடு முன்வரிசை! பிறகுதான் அவரைக் கோலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த வெலிங்டன் அணி 1955லும் 1958லும் டூராண்டு கோப்பையை வென்றது. தங்கராஜ் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று பெயரெடுத்தார். மிஞ்சிப் போனவனுக்கென்று நாங்கள் வைத்திருந்த இடத்துக்கு, முன்வரிசையிலிருந்து ஒருவர் போயிருக்கிறார்!

கதை அதோடு நிற்கவில்லை. 1962ல் ஜாகர்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்சியாளர் ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோல்வி. அடுத்து ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டார்கள். காவல் நிற்பவனுக்குத் தலையால் முட்டிப் பந்தை விலக்குவதே வேலை. அந்தத் தலையே புண்ணாகிவிட்டால்? வேறொருவராயிருந்தால் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள். ரஹீமோ அவரைத் தூக்கி நடு முன்வரிசையில் போட்டார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் போட்டார். செப்டம்பர் 4ந் தேதி இறுதி ஆட்டம். மறுபடியும் அதே தென் கொரியா. மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. பி.கே. பானர்ஜி ஒரு கோல். கட்டுப் போட்ட தலையோடு ஜர்னைல் இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று என்று தங்கப் பதக்கம் கிடைத்தது.

அன்று இந்தியாவின் கோலில் நின்றவர் தங்கராஜ். ஆக, அந்த அணியில் முன்வரிசையில் தொடங்கியவர் கோலைக் காத்தார். காவற்காரர் கோல் போட்டார். "எந்த இடத்துக்கு முதலில் ஆள்?" என்ற கேள்வியை ரஹீமிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது. அவர் அடுத்த ஆண்டே, 1963ல், புற்றுநோயால் காலமானார். கால்பந்தில் ஆசிய விளையாட்டுத் தங்கம் அதற்குப் பிறகு நம்மிடம் வரவில்லை.

பணம் புகுந்த பிறகு நடந்ததையும் பார்த்துவிடுவோம். 2015ல் இந்தியன் சூப்பர் லீகுக்கு ஏலம் போட்டார்கள். சுனில் சேத்ரியை மும்பை அணி ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு எடுத்தது; அவர் கோல் அடிப்பவர், ஆச்சரியமில்லை. ஆனால் பதினேழரை லட்சத்தில் தொடங்கிய ரினோ ஆண்டோ என்ற பின்வரிசைக்காரரைக் கொல்கத்தா தொண்ணூறு லட்சத்துக்கு எடுத்தபோது பலர் வாயைப் பிளந்தார்கள். 2017 ஜூலை 23ல் ஏலம் இல்லை. விலை முன்கூட்டியே எழுதியிருக்கும், முறை வைத்து அழைக்கவேண்டியதுதான். புதிதாகப் பிறந்த ஜாம்ஷெட்பூர் அணிக்கு முதல் அழைப்பு. அவர்கள் அழைத்தது அனஸ் எடத்தொடிகாவை. மலப்புறத்துக் கொண்டோட்டிக்காரர், இளமையில் ஆட்டோ ஓட்டியவர், இடம் கோலுக்கு முன்னே காவல். விலை ஒரு கோடியே பத்து லட்சம்.

பலன் என்ன? ஜாம்ஷெட்பூரின் முதல் மூன்று ஆட்டங்களிலும் இரு பக்கமும் கோல் இல்லை! அனஸைக் காயம் பிடித்துக்கொண்டு பல ஆட்டங்களில் ஆடவிடவில்லை. அணி ஐந்தாவது இடத்தில் நின்றது. அதே பருவத்தில் கோப்பை வாங்கியது நம் சென்னை அணி. 2018 மார்ச் 17ந் தேதி பெங்களூரில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சேத்ரி கோல் போட்டுவிட்டார். சென்னைக்குப் பதில் கோல் போட்டவர் மைல்சன் ஆல்வஸ் என்ற பிரேசில்காரர். இடைவேளைக்குள் இரண்டாவது கோலையும் அவரே போட்டார், இரண்டும் தலையால். அவர் ஸ்டாப்பர்! மூன்றுக்கு இரண்டு என்று முடிந்த அந்த ஆட்டத்தில், வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் நடுவில் நின்று ஆடினார்.

இத்தனையும் சேகரித்துக்கொண்டு, பழைய பதிலை வாபஸ் வாங்குவதற்காக நண்பரிடம் போனேன். அவர் அதற்குள் அழைத்து முடித்திருந்தார்.

"முதலில் யாரை எடுத்தீர்கள்?"

"நம்ம கட்டிங் மாஸ்டருக்குக் கீழ வேலை பாக்கற ஜார்க்கண்ட் பையனைங்க. நடுவுல நிக்கறவன்."

"கோல் அடிக்கிற ஒடிசாக்காரர் இருந்தாரே?"

"இருந்தாருங்க. ஆனா பாருங்க, ஒரு ஓவர்லாக் டெய்லர் லீவு போட்டா, பக்கத்து யூனிட்டுல கேட்டு ஒரு ஆளை உக்கார வெச்சுப் போடலாம். வெட்டற ஆளு தப்பு பண்ணுனா அத்தனை பீஸும் கோணலுங்க. பந்தும் அப்பிடித்தானுங்களே? நடுவுல இருக்கறவன் வெட்டிக் குடுக்கறதைத்தானே மத்தவன் தெக்கறான்?"

நான் வாயைத் திறக்கவில்லை. மேஜைமேல் நாற்பத்து நான்கு பெயருள்ள தாள் கிடந்தது. அழைத்த வரிசைப்படி பக்கத்தில் எண் போட்டிருந்தார்கள். நாற்பத்து நான்கு என்று எண் போட்ட பெயருக்கு நேரே என் கண் போயிற்று. கைமடிக்கிற பையன், வயது பத்தொன்பது.

"இவனை?"

"மிஞ்சிப் போனானுங்க. எதிர்க் கட்சிக்குக் கோல்ல நிக்கறான். வேண்டாம், நான் பூஜைக்கு ஊருக்குப் போறேன்னு சொன்னானாம். ஊருக்குப் போற மொகம் இல்லீங்க அது. நாந்தான் கூப்புட்டு, எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துல நானும் கோல்லதான்டா நின்னேன்னு சொன்னேன்."

"நீங்களுமா?" என்றேன்.

ஆட்டத்தன்று நானும் பொட்டல் காட்டுக்குப் போயிருந்தேன். முதல் அழைப்புப் பையன் நடுவில் அழகாகத்தான் ஆடினான். ஒடிசாக்காரர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கோல் போட்டார். நண்பரின் அணி ஒன்றைத் திருப்பியது. கடைசி நேரத்தில் ஜார்க்கண்ட் பையன் தள்ளிக்கொடுத்த பந்தை நண்பரின் ஆள் ஓங்கி உதைத்தான். கைமடிக்கிற பையன் பக்கவாட்டில் விழுந்து அதைப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே கிடந்தான். அடிபட்டுவிட்டதோ என்று எல்லாரும் ஓடினோம். அடி ஒன்றுமில்லை. ஒன்றாம் எண் பனியனை நெடிய ஆளுக்கென்று பெரிய அளவில் தைத்திருந்தார்கள். அதன் விளிம்பு முழங்காலில் சிக்கிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை கொண்டாடா, கீழ ரெண்டு இஞ்சு மடிச்சு அடிச்சுத் தரேன்" என்றார் நண்பர்.