நீர்மட்டம் காத்த கதை

கண்ணாடித் தொட்டி ஒன்றில் 200 லிட்டர் கடல் நீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உயிருள்ள பவளங்கள், கடற்சாமந்திகள், சில வண்ண மீன்கள். தொட்டிக்காரர் பத்து நாள் வெளியூர் போகிறார். மீன்களின் பசிதான் அவருடைய பெருங்கவலை என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் மீன்கள் சில நாள் பட்டினி தாங்கும். ஆபத்து வேறு வழியில் வருகிறது. தொட்டியின் நீர் வற்றிக்கொண்டே இருக்கிறது.

விளக்கொளியில் சூடேறி, நாள்தோறும் 3 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கிவிடும். உப்பளத்தில் நாம் விரும்பிச் செய்வது இங்கே வேண்டாமலே நடக்கிறது. கடல் நீரில் கிலோகிராமுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பத்து நாளில் 200 லிட்டர் 170 ஆகச் சுருங்கினால், அந்த 35 கிராம் 41 கிராமுக்கு மேல் ஏறிவிடும். மீன் தன் உடல் நீரின் உப்பை ஓரளவு சரிசெய்துகொள்ளும். பவளத்துக்கு அத்திறன் இல்லை. சுற்றியுள்ள நீர் எவ்வளவு உப்பாக இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் உடல் நீரும்.

ஆகவே குறைந்த அளவு நல்ல நீரை ஊற்றினால் போதும். கடல் நீரை ஊற்றக் கூடாது. இவ்வளவு எளிய செய்தியானாலும், அதைச் செய்ய ஆள் வேண்டுமே!

தொடக்க காலத்தில் ஆள் இருந்தார்கள். 1846-இல் இங்கிலாந்தில் அன்னா தின் என்ற அம்மையார் டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை இலண்டனிலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியில் அவை உருண்டு சிதையாதிருக்க, ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சின்மீது தைத்து வைத்தாராம்! புதிய கடல் நீர் கிடைப்பது அரிதாக இருந்ததால், இருந்த நீரையே திறந்த சன்னலருகே பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றூட்டச் செய்தார். அரைமணி, முக்கால்மணி நேரம் நின்று ஆற்றியவள் அவ்வீட்டின் சிறு பணிப்பெண். கடல்நீர்த் தொட்டியின் முதல் இயந்திரம் அவளுடைய கைகள்தாம் என்று சொல்வேன்.

1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியை வீடுதோறும் மோகமாக்கியது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள், நீர் இறங்கினால் கோடு வரை நல்ல நீர் ஊற்று என்பது அக்காலக் கைநூல்கள் சொன்ன முறை. இன்றும் இதில் மாற்ற ஒன்றுமில்லை. பால்காரரின் பாலைச் சோதிக்கும் கருவியைப் போன்ற திரவமானியை மிதக்கவிட்டு, ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்கிறதா என்றும் பார்க்கலாம்.

கோட்டைப் பார்த்து ஊற்றும் வேலையை மனிதரின்றிச் செய்வது எப்படி? விடை கடல்நீர்த் தொட்டிக்கு ஈராயிரம் ஆண்டுகள் முந்தியது.

கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த புட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புட்டியின் வாய் தட்டிலுள்ள நீரில் மூழ்கியிருக்கும் வரை உள்ளிருக்கும் நீர் இறங்காது. வளிமண்டல அழுத்தம் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தையே தாங்கும். ஒரு சாண் புட்டி அதற்கு எம்மாத்திரம்? தட்டின் நீர் குறைந்து வாய் வெளிப்பட்டதும் காற்றுக்குமிழி மேலேறும், அந்த அளவு நீர் கீழிறங்கும், வாய் மீண்டும் மூடிக்கொள்ளும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பைசாண்டியத்து ஃபிலோ இத்தத்துவத்தில் விளக்கின் எண்ணெய் மட்டம் குறையாமலிருக்க வழி கூறியுள்ளார். காற்றழுத்தத்தை டாரிசெல்லி விளக்கியதோ 1643-இல்தான். விளக்கம் வருவதற்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே விளக்கு எரிந்தது!

சிறு தொட்டிக்கு இக்கவிழ்த்த புட்டி இன்றும் போதுமானது. ஒரு குறை மட்டும் உண்டு. புட்டியில் 5 லிட்டர் காற்று சேர்ந்தபின், பகலில் அறை 10 பாகை சூடேறினால், காற்று விரிந்து ஏறத்தாழ 170 மில்லிலிட்டர் நீரை வெளியே தள்ளும். இரவில் குளிரும்போது அதே அளவு தொட்டி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய தீங்கில்லை, காரணம் அறியாதவர் திகைப்பார், அவ்வளவே.

மற்றொரு வழி மிதவை. அலெக்சாந்திரியாவின் டெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் நீர்மட்டம் மாறாதிருக்க மிதவையாலான அடைப்பைப் பயன்படுத்தினார் என்று வரலாற்றறிஞர்கள் கருதுகின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரின் பனூ மூசா சகோதரர்கள் தம் பொறிகளில் மிதவையைக் கையாண்டனர். 1765-இல் சைபீரியாவில் பொல்சுனோவ் தம் நீராவிப் பொறியின் கொதிகலனில் நீர்மட்டத்தை மிதவையால் ஆண்டார். உங்கள் மாடித் தொட்டியிலுள்ள பந்து வால்வும் இவ்வழி வந்ததே.

வீட்டில் பவளம் வளர்ப்பது மீண்டும் தழைத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஜகார்த்தாவின் லீ சின் எங் உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே நம்பித் தொட்டி அமைத்த முறையை 1961-இல் எழுதினார். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகள் அமெரிக்க வீடுகளுக்குச் சொட்டு வடிகட்டியையும் கீழே வைக்கும் அடித்தொட்டியையும் கொண்டுவந்தன. (நம் நாட்டில் பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் சட்டத்தால் காக்கப்படுகின்றன. கடலிலிருந்து எடுப்பது குற்றம்.)

அடித்தொட்டி வந்ததும் சிக்கல் கூர்மையாயிற்று. மேல்தொட்டி வழிந்து கீழே விழுந்துகொண்டே இருப்பதால் அதன் மட்டம் மாறாது. இழப்பு முழுவதும் அடித்தொட்டியில் தெரியும். 20 லிட்டர் அடித்தொட்டி நாளுக்கு 3 லிட்டர் இழந்தால், ஒரு வாரத்துக்குள் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். மூடி போட்டு ஆவியாதலைத் தடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். 3 லிட்டர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், நாள் முழுவதும் 85 வாட் வீதம் வெளியேற்றுவதற்குச் சமம். மண்பானை குளிர்வது போலத் தொட்டியும் இதனால்தான் குளிர்கிறது. மூடினால் பவளம் வெந்துபோகலாம்.

எனவே மிதவையையே மின்சாரத்தோடு இணைத்தார்கள். மிதவைக்குள் ஒரு காந்தம், தண்டுக்குள் காந்தத்துக்கு இசையும் சாவி. பெல் ஆய்வுக்கூடத்தில் 1936-இல் எல்வுட் உருவாக்கிய நாணல் சாவிதான் அது. மட்டம் இறங்கினால் சிறு பம்பு ஓடி நல்ல நீரைத் தரும். ஒளியால் மட்டம் அறியும் உணர்விகளும் பின்னர் வந்தன.

இங்கே பழைய ஆபத்து திசை மாறுகிறது. ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலோ உப்புப் படிந்தாலோ மிதவை கீழேயே சிக்கிக்கொள்ளும், பம்பு நிற்காது. சேமிப்பில் 100 லிட்டர் நல்ல நீர் இருந்து, அவ்வளவும் வழியாமல் கலந்துவிட்டால், 35 கிராம் 23 ஆகிவிடும். ஆவியாதல் பத்து நாளில் செய்யும் கேட்டைவிட இது பெரிது. அதுவும் சில மணி நேரத்தில்! 30 லிட்டர்ச் சேமிப்பானால் முழுவதும் கொட்டினாலும் 30 கிராமுக்குக் கீழே போகாது. சேமிப்பைப் பெரிதாக வைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பவர்களிடம் இக்கணக்கைத்தான் காட்ட வேண்டும். மேலே இரண்டாவது மிதவை ஒன்றும் வேண்டும். நீர் வரும் குழாயின் முனை தொட்டி நீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் பம்பு நின்றபின் குழாய் வழியே உப்பு நீர் தாழ்ந்த சேமிப்புக்குத் திரும்ப ஓடும்.

இத்தனை இருந்தும், ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் நிற்கவில்லை. நல்ல வழக்கம்தான். உப்புப் பையை மட்டும் அலமாரியில் பூட்டிவிட்டு, கண்ணாடியில் போட்ட கோட்டை அவருக்குக் காட்டிவிட்டுப் போகவும்.