மடிப்பு விழுந்த தூண்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையொன்றில், எனாமல் தூக்குகளுக்கடியில் ஒரு குடும்பப் புகைப்படம் கிடைத்தது. கழுத்தில் நகையில்லாத பெண், கைகட்டி நிற்கும் ஆண், இரு பிள்ளைகள். நால்வர் காலிலும் செருப்பில்லை. பின்னால் பளிங்குத் தூண். தூணின் குறுக்கே ஒரு மடிப்பு. கல்லில் மடிப்பு விழாது, துணியில்தான் விழும்.

இந்த மடிப்பை வாசிப்பது அவசியம் என்று நினைக்கிறேன். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் நிஜமாகவே நின்றன. அவர்களுக்கு வீடே பின்னணி. அந்த முகப்பில் ஏற முடியாதவர்களுக்கு ஸ்டூடியோக்காரர் தூணைத் துணியில் எழுதிவைத்தார்.

அது ஏன் துணி? பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொன்னார்: "பளபளப்பு ஆகாது தம்பி. ரெக்சின் வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும். காடாத் துணின்னா குடிச்சுக்கிரும். வஜ்ஜிரப் பசை கலந்து வண்ணம் பூசணும். மடிக்கக் கூடாது, மூங்கில்ல சுருட்டணும்." பழைய பிளேட்டுகளில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் பதியும். ஆகவே திரைகள் பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே எழுதப்பட்டன. எழுதியவர்களில் பலர் நாடக சீன் ஓவியர்கள். காலண்டர் சாமிப் படங்களால் அறியப்பட்ட கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) நாடகத் திரையும் எழுதினார், ஸ்டூடியோவும் நடத்தினார். ராஜாவின் தர்பாரை எழுதிய தூரிகைதான் கூலிக்காரருக்கும் மாளிகை கட்டிக் கொடுத்தது.

இதைப் 'போலிக் கௌரவம்' என்று முற்போக்காளர் ஒதுக்கலாம். எனக்கு அது அத்துமீறலாகவே படுகிறது: மறுக்கப்பட்ட முகப்பில், ஒரு கிளிக் நேரமாவது, நிமிர்ந்து நிற்பது. ஆனால் கொண்டாடவும் தயக்கம் இருக்கிறது. எழுதப்பட்டது எசமானின் தூண்தானே? நான் பார்த்த எந்தத் திரையிலும் கூரைவீடு இல்லை. ஆதிக்கத்தின் அழகியல், அதை எதிர்த்து நிற்பவரின் முதுகுக்குப் பின்னாலும் தொங்குகிறது.

1993-இல் வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் தொடங்கியது. அந்தப் படத்துக்கு வேண்டியது வெறும் பின்னணி. அரசுக்கு முகம் போதும். அந்த முகம் எங்கே நிற்க ஆசைப்பட்டது என்பது வேண்டாம். எழுதிய திரையில் இரவல் இடமாவது இருந்தது. வெற்றுத் துணியில் அதுவும் இல்லை.

படத்தின் சட்டம் எங்கே என்று கடைக்காரரைக் கேட்டேன். "தேக்குச் சட்டம் சார். கண்ணாடி போட்டு வித்தாச்சு. படத்த யாரு வாங்குவா?"

வாங்கி வந்தேன். மடிப்பு அப்படியே இருக்கிறது.