இரு தலைமுறை ஆசிரியரும் கல்லூரித் தலைமையும்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை நிறுவனங்களின் வரலாறாக எழுதுதலே பெருவழக்கு. எனினும், ஒரே கூரையின்கீழ்க் கற்பித்த மூத்த ஆசிரியர்க்கும் இளைய ஆசிரியர்க்கும் இடையெழுந்த கருத்து வேற்றுமையும் அவ்வரலாற்றின் இன்றியமையாத கூறாகும்.

1823இல் வட்டுக்கோட்டையில் தோன்றி 1855இல் மூடப்பெற்ற செமினரியும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் சமயத்தால் முரண்பட்டவை. ஆயினும், ஒழுக்கத்தையும் கட்டுப்பாட்டையும் கல்வியின் உயிரெனக் கொண்டமையில் அவை ஒன்றுபட்டன. இவ்விரு மரபுகளின் வழிவந்த மூத்த தலைமுறையினர்க்கு அதிபரின் சொல்லே முடிந்த முடிபாயிற்று.

1924இல் மாணவர் காங்கிரஸ் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. இளம் ஆசிரியர் பலர் அதன் முன்னணியில் நின்றனர். தாய்மொழிக் கல்வி, சாதி வேற்றுமை ஒழிப்பு, நாட்டு விடுதலை என்பன அவர்தம் குறிக்கோள்கள். 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவர்க்கு ஊக்கமளித்தது. 1931இல் அவர்கள் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வேண்ட, குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் பிரதிநிதிகளின்றி இருந்தன. ஆசிரியன் வகுப்பறையோடு அமைவதா, நாட்டுப் பணியிலும் இறங்குவதா என்னும் வினா இதனால் வலுப்பெற்றது.

இவ்வினாவை எதிர்கொண்ட முறையிலேயே தலைமையின் தரம் புலப்பட்டது. 1915 முதல் 1936 வரை யாழ்ப்பாணக் கல்லூரி அதிபராயிருந்த பிக்னெல் பாதிரியார் அமெரிக்கர்; மிஷன் மரபினர். எனினும், இளையோரின் தேசிய உணர்வுக்கு அவர் தடையிட்டாரல்லர். அங்கு ஆசிரியராயிருந்தவரும் வாலிபர் காங்கிரஸின் முதல்வர்களுள் ஒருவருமாகிய ஹன்டி பேரின்பநாயகம், 1949இற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். நேற்றைய மாற்றுக்கருத்தினர் இன்றைய தலைவராதல் இவ்வாறே இயல்வதாயிற்று.

1960இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்வழி உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அப்பாடசாலைகளில் நியமனமும் இடமாற்றமும் முகாமையாளரின் கையினின்றும் நீங்கித் திணைக்களத்தைச் சார்ந்தன. முகாமையாளரின் தயவை நாடும் நிலையினின்று ஆசிரியர் விடுபட்டமை பெரும்பேறே. ஆனால், ஒரே கல்லூரியில் நெடுங்காலம் உடனிருந்து, முரண்பட்டும் மதித்தும், மூத்தோர் இளையோரைத் தலைமைக்குப் பக்குவப்படுத்தும் வாய்ப்புச் சுருங்கிற்று. சேவை மூப்புப் பதவியைத் தரலாம். தலைமைப் பண்பைத் தராது. தம்மோடு மாறுபடும் இளைஞனுக்கும் இடமளிக்கும் மூத்தோர் உள்ள கல்லூரியே தன் அடுத்த அதிபரைத் தானே உருவாக்கிக் கொள்ளும்.