தூசிக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள்

எங்கள் ஊர் மாகறல் என்றால் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், சம்பந்தர் பாடிய தலம். மற்றவர்கள் "உத்திரமேரூரா? ஓ, குடவோலை!" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளியில் எல்லோரும் படித்ததுதானே.

ஆனால் அந்தக் கல்வெட்டில் பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய அந்த இரண்டு கல்வெட்டுகளும் எதற்காக ஆள் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன? வாரியங்களுக்கு. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரியைக் கவனிக்க மட்டும் ஆறு பேர்! இத்தனைக்கும் உத்திரமேரூர் ஏரி அப்போதே பழைய ஏரி. பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பேர் வாங்கியது. அதில் வருஷா வருஷம் தூர் எடுப்பதற்கென்றே பொன் வைத்துவிட்டுப் போன கொடைகளைக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். பொன்னின் வட்டியில் வேலை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் காலத்து 'ஃபிக்ஸட் டெபாசிட்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதையே பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கவும் முடியாது. வாரியத்தில் உட்கார வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களின் பேர் எதுவும் குடத்துக்குள் போகவில்லை.

இந்தக் கல்வெட்டுகளை 1898-ல் தொல்லியல்காரர்கள் படியெடுத்தார்கள். வெங்கய்யா 1904-05 அறிக்கையில் விளக்கி எழுதினார். நீலகண்ட சாஸ்திரி சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1932-ல் வெளிவந்த தம் சோழர் ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். நாம் படிக்கும் குடவோலைப் பாடம் அந்த வழியாக வந்ததுதான். ஆக, எங்கள் பக்கத்து ஏரியைப் பல்கலைக்கழகம் கல்லில் படித்தது. அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு துறை அதற்கும் முன்பே கல்லை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிற ஊருக்குப் போயிருந்தது. அந்தக் கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கு வந்து இறங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். அதற்கு முன்பு ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளிகள் படிப்பதற்காக நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இந்தியாவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இந்தியப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தெரிந்தவர்களிடமே கேட்டார். அந்தத் தெரிந்தவர்கள் அவருடைய மாணவர்கள்! ஒரு கேள்வித்தாள் தயாரித்துக் கையில் கொடுத்து, லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரை நீங்களே விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நிலம் யாரிடம், தண்ணீர் எங்கிருந்து, கூலி என்ன, கடன் யாருக்கு, ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக. 1916-ல் தொடங்கிய அந்த வேலை 1918-ல் புத்தகமாக வந்தது. 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்று தமிழில் சொல்லலாம்.

அந்தக் கிராமங்களில் ஒன்று தூசி. காஞ்சிபுரத்தில் பாலாற்றைத் தாண்டி வந்தவாசி சாலையில் போனால் மாமண்டூர், தூசி. அப்போது வட ஆற்காடு ஜில்லா, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். எங்களுக்கு அக்கம்பக்கம்தான். அங்கே இருக்கும் பெரிய ஏரிதான் பல்லவர் காலத்துச் சித்திரமேக தடாகம் என்று சொல்கிறார்கள். உத்திரமேரூருக்கு வைரமேகம், மாமண்டூருக்குச் சித்திரமேகம். ஏரிக்கு மேகத்தின் பெயர் வைத்தவர்களின் ரசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஸ்லேட்டரின் முறையில் ஒரு கோணல் உண்டு. 1916-ல் கல்லூரி வரை வரக்கூடிய பையன் எந்த வீட்டிலிருந்து வந்திருப்பான்? பெரும்பாலும் நிலமுள்ள வீட்டிலிருந்து. தன் வீட்டில் வேலை செய்கிறவரிடம் போய் "உனக்கு எவ்வளவு கடன்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? குடத்துக்குள் பேர் போகாதவர்களின் கதைதான் இங்கேயும். ஆனாலும் ஸ்லேட்டர் மறைக்கவில்லை. தென்னாற்காட்டு இருவேல்பட்டைப் பற்றிய பகுதியில், கடனுக்காகப் பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றி எழுதியிருக்கிறது.

ஒரு தடவை போய்ப் பார்த்து புத்தகம் போடுவது பெரிய விஷயமில்லை. உலகம் முழுக்க நடப்பதுதான். இந்தக் கதையின் அருமை அடுத்ததில் இருக்கிறது: திரும்பிப் போனார்கள். ஸ்லேட்டருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்த பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37-ல் அதே ஊர்களை மறுபடி விசாரிக்க வைத்து 1940-ல் வெளியிட்டார்கள். பிறகு மார்கரெட் ஹாஸ்வெல் சில ஊர்களுக்குப் போய் 1967-ல் எழுதினார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன், கே. பரதன் இருவரும் தூசி மறுஆய்வை 1984-ல் வெளியிட்டார்கள். (குகன் தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். கோப்பைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கலாம், தூசிக்குப் போனார்.) இருவேல்பட்டுக்கு 2008-ல்கூட ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். 1916-ல் படியாள் இருந்த ஊரில் பழைய நிலக்கிழார்களின் பிடி தளர்ந்து, கூலி வேலை செய்கிறவர்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைகளுக்கு நகர்ந்துவிட்டதை எழுதினார்கள். 92 வருஷம், ஒரே ஊர்!

இதற்கு இணையாக இன்னொரு ஆராய்ச்சியும் எங்கள் பக்கம் நடந்தது. நெல் சம்பந்தப்பட்டது. 1966-ல் ஐ.ஆர்.8 வந்த காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்து விவசாயி ஒருவர் தம் மகனுக்கே 'ஐ.ஆர்.எட்டு' என்று பேர் வைத்தார். அந்த அளவுக்கு எதிர்பார்ப்பு. உண்மையில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இறங்கின. வட ஆற்காட்டில் 11 ஊர்களைப் பொறுக்கி எடுத்து 1973-74-ல் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டையிலும் அதே வேலை. பி.எச். ஃபார்மர் பதிப்பித்த புத்தகம் 1977-ல் வந்தது. தலைப்பிலேயே 'பசுமைப் புரட்சி' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி! அரசாங்கக் கணக்கில் புது ரக நெல் பரவியிருப்பதாகச் சொன்ன அளவுக்கு வயலில் அது இல்லை என்பது அவர்கள் கண்ட விஷயங்களில் ஒன்று.

பத்து வருஷம் கழித்துக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் வாஷிங்டன் உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் பீட்டர் ஹேசலும் அதே ஊர்களுக்குப் போனார்கள். 1983-84 கணக்கு வேறு மாதிரி வந்தது. புது ரகம் நன்றாகப் பரவிவிட்டது. சிறு விவசாயிக்கும் நிலமில்லாத கூலிக்காரருக்கும்கூட வருமானம் கூடியிருந்தது. பணக்காரனுக்கு மட்டும்தான் லாபம் என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இது பெரிய மறுப்பு. 1991-ல் அதுவும் புத்தகமானது.

இங்கேயே நின்றிருந்தால் 'சுபம்' போட்டுவிடலாம். ஆனால் 1993-95-ல் பார்பரா ஹாரிஸ்-வைட், எஸ். ஜனகராஜன் குழுவினர் மறுபடியும் போனார்கள். பார்பரா 1970-களில் இளம் ஆராய்ச்சியாளராக ஆரணிப் பக்கம் நெல் வியாபாரத்தைப் படிக்க வந்தவர், அதன் பிறகு அந்த வட்டாரத்தை விடவே இல்லை. இந்தத் தடவை கண்ணில் பட்டது நெல் இல்லை, அடியில் இருந்த தண்ணீர். விளைச்சலைத் தூக்கிப் பிடித்தது கிணறும் பம்ப்செட்டும். அந்தக் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் பட்டு நெசவு போன்ற வேறு வேலைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஏரி செத்ததற்கு எல்லோரும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். மழை இல்லை, ஆக்கிரமிப்பு, மணல் கொள்ளை என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் ஜனகராஜன் போன்றவர்கள் எழுதியதைப் படித்தால் இன்னொன்று புரிகிறது.

ஏரிப் பாசனத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் நம்பித்தான் இருக்க வேண்டும். மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில், கடைமடைக்கு எப்போது என்று முறை உண்டு. தண்ணீர் பாய்ச்சிவிட நீர்க்கட்டி உண்டு. பல ஊர்களில் அது தலித் குடும்பங்களின் பரம்பரைப் பொறுப்பு. கரை உடைந்தால் எல்லோரும் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். அதுதான் குடிமராமத்து. வராதவர்களை வரவைக்க 1858-லேயே ஆங்கிலேய அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. சட்டம் போடும் நிலை வந்தது என்றாலே ஏற்பாடு அப்போதே ஆட்டம் கண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

இப்போது ஒருவர் தன் வயலிலேயே கிணறு வெட்டி, கரண்ட் மோட்டார் போடுகிறார். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அவர் இனி மதகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டவும் வரமாட்டார், நீர்க்கட்டிக்குக் களத்தில் நெல் அளக்கவும் மாட்டார். சில ஊர்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மதகைத் திறக்கவே வேண்டாம், ஏரியில் தண்ணீர் நின்றால் எங்கள் கிணறு ஊறும் என்றார்கள். கிணறு இல்லாதவர் என்ன செய்வார்? பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் பணத்துக்கோ விளைச்சலில் பங்குக்கோ தண்ணீர் வாங்குவார்.

பிறகு போட்டி. ஒருவர் பத்தடி ஆழப்படுத்தினால் பக்கத்தவர் இருபதடி, அதற்கும் அடுத்தவர் போர் போடுவார். கடன் வாங்கித்தான். யார் கையில் கடைசி ரூபாய் இருக்கிறதோ அவருக்குத்தான் தண்ணீர். தோற்றவருக்குத் தூர்ந்த கிணறும் வட்டியும் மிச்சம். இதில் யாரும் வில்லன் இல்லை. ஒவ்வொருவரும் தன் பயிரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். 1983-84-ல் கூடிய வருமானமும் 1993-95-ல் வற்றிய கிணறும் ஒரே மோட்டாரிலிருந்து வந்தவை. இரண்டில் ஒரு தடவை மட்டும் போயிருந்தால் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும்.

எனக்கு இது வெறும் வரலாறாகப் படவில்லை. அதற்குக் காரணம் செய்யாறுதான். ஜவ்வாது மலையில் புறப்பட்டு, செங்கம் வழியாக அதே வட ஆற்காட்டு நிலங்களில் ஓடி, மாகறலைத் தொட்டுவிட்டுத் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிற ஆறு. அவர்கள் ஆராய்ந்தது எங்கள் ஆற்றின் மேல்பக்கத்தை. மேலே உறிஞ்சினால் கீழே மணல்தானே ஓடும்?

2017-ல் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு மறுபடி தொடங்கியது. தொடக்க விழா நம் மாவட்டத்து மணிமங்கலத்தில்தான் நடந்தது. ஏரிகளில் பொக்லைன் இறங்கியது, வண்டல் மண் எடுத்தார்கள். மதகும் கரையும் சரியாவது நல்லதுதான். ஆனால் மோட்டார் வைத்திருப்பவர் மறுபடி மதகுக்காகக் காத்திருக்க வேண்டிய காரணம் ஒன்று பிறந்ததா? அதைப் பொக்லைனிடம் கேட்க முடியாது. வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும், பத்து வருஷம் கழித்து மறுபடியும் போக வேண்டும்.

ஸ்லேட்டரின் பட்டியலில் மாகறல் இல்லை, 11 ஊர்களிலும் இல்லை. நமக்கெல்லாம் என்.எஸ்.எஸ். முகாம் என்று ஏழு நாள் உண்டு. அதில் மரம் நட்டு, போட்டோ எடுத்து, கடைசி நாள் பிரியாணி சாப்பிட்டு வருகிறோம். போன லீவில் நான் ஒரு நோட்டில் நாலு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு எங்கள் தெருவில் ஆரம்பித்தேன். கிணறு எந்த வருஷம் வெட்டியது, அப்போது எத்தனை அடி, இப்போது எத்தனை அடி, கடைசியாக ஏரித் தண்ணீர் வயலுக்கு வந்தது எப்போது. முதல் மூன்று வீட்டிலும் பதிலுக்கு முன்னால் ஒரே கேள்வி வந்தது: "எதுக்குப்பா கேக்குற, லோன் ஏதாவது வருதா?"

இல்லை பெரியப்பா என்றதும் மூன்றாவது வீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். கிணறு 1974, முப்பத்தஞ்சு அடி என்றார். இப்போதைய போர் எத்தனை அடி என்பதற்கு மகனைக் கூப்பிட்டார்.