கரை நாடா போட்ட பையன் எங்கே போனான்?

பிள்ளையார்பாளையத்துல ஒரு வீட்டுத் திண்ணை. பழைய குழித்தறிகளைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டிய நெசவாளர் ஒருத்தர் பேசிக்கிட்டே வந்தவர், நடுவுல நிறுத்திட்டுச் சொன்னார்: "தறி இருக்கு தம்பி, பாவு இருக்கு, ஆர்டரும் இருக்கு. கரை போடத்தான் ஆளு இல்ல." அவருடைய பேரன் ஒரகடத்துல ஐ.டி.ஐ. படிக்கிறான். அதைச் சொல்லும்போது அவர் முகத்துல வருத்தம் இல்லை. பெருமைதான் இருந்தது.

வீடு திரும்பின பிறகும் இது மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. இளைஞர்கள் மறுபடியும் கைத்தொழில் பக்கம் வர்றாங்கன்னு இப்போ உலகம் முழுக்கப் பேச்சு. அமெரிக்காவில் தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சமுதாயக் கல்லூரிகளில் 2023-ல் மாணவர் சேர்க்கை சுமார் 16 சதவீதம் கூடியது. அந்தப் பேரனும் ஒரு வகையில இந்த அலையில வந்தவன்தான். ஆனா ஊரிலேயே அதிகத் திறமை கேட்கிற தொழிலை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் வேறொரு தொழில் கத்துக்கிறான். ஏன்?

"கூலி கம்மி" என்பது வழக்கமான பதில். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, நெசவைக் கற்றுக்கொடுத்த முறையின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் அந்த 'கரை போடுறது' என்னன்னு பார்த்துடலாம். அசல் காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து, சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். இதுதான் கோர்வை. இதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரே ஆளால் எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. அதனால் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போடுவார்.

அந்தப் பக்கத்து இருக்கைதான் காஞ்சிபுரத்தின் நெசவுப் பள்ளிக்கூடம். பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தது ஒரு குழந்தை. முதலில் தார் சுற்றுவது, அப்புறம் கரை போடுவது, அறுந்த இழையை முடிவது. முந்திக்கு வேறு நிறப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் பிட்னி வேலையெல்லாம் பார்த்துப் பார்த்தே கைக்கு வரும். பாடப்புத்தகம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஒருநாள் அந்தப் பையனே நடுவில் உட்காருவான். பக்கத்தில் அவன் பிள்ளை உட்காரும்.

இந்த முறைக்கு ஒரு பெருமையான பக்கமும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடுகள் இருக்கின்றன. 10-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. கச்சிப்பேட்டில், அதாவது இன்றைய காஞ்சியில், நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அவை பேசுகின்றன. (இங்கே 'சேரி' என்றால் குடியிருப்பு, இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) கோயில் நிர்வாகத்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு மரியாதை உள்ளவர்களாக அந்தத் தறிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் தொழிலைக் குலத்தோடும் தெருவோடும் கட்டிவைத்தால் இரண்டு பக்கமும் கதவு அடைபடும். வெளியே இருப்பவன் உள்ளே வந்து கற்க முடியாது. உள்ளே பிறந்தவன் வெளியே போவதும் எளிதல்ல.

இந்தக் கதவைப் பற்றி வெளிப்படையாகப் பெரிய சண்டை நடந்த ஆண்டு 1953. அன்றைய சென்னை மாநில முதல்வர் ராஜாஜி, தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் குலக்கல்வித் திட்டம். அது கிராமப்புறப் பள்ளிகளுக்கான திட்டம். நகராட்சியாக இருந்த காஞ்சியை நேரடியாகத் தொடவில்லை. ஆனாலும் எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர் ஒரு காஞ்சிக்காரர், நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தக் கல்வித் திட்டத்துக்கு எதிரானது. 1954-ல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதே 1953-ன் தொடக்கத்தில் கைத்தறி நெசவாளர்கள் வேலையில்லாமல் பட்டினி கிடந்தார்கள். தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணா திருச்சியில் விற்றார். ஆக ஒரே ஆண்டில் ஒரே மனிதர், தறி வாழணும்னு துணி விற்றார். தறிக்காரர் மகன் தறிக்கே நேர்ந்துவிடப்படக் கூடாதுன்னும் போராடினார். இதில் முரண் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தொழிலைக் காப்பது வேறு, அதைப் பிறப்போடு கட்டுவது வேறு.

சட்டத்தில் அந்தத் திட்டம் செத்தது. தறிக்குழியில் சாகவில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையும்வரை பிள்ளை கரை போடப் போகும் வழக்கம் காஞ்சியில் பல்லாண்டு நீடித்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தடை செய்த வேலைகளின் பட்டியலில் நெசவையும் வைத்தது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்தது. தறியே வீட்டுக்குள் இருக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டைன்னு சொல்ல வேண்டியதில்லை. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்ட யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதிலும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது.

இருந்தாலும் பள்ளி ஜெயித்தது. தொண்டு அமைப்புகளின் உழைப்பு, மதிய உணவு, 90-களின் கடைசியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்த தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டன. இது கொண்டாட வேண்டிய விஷயம். ஆனா குழந்தை எழுந்து போன இருக்கையில், கூலியும் மரியாதையும் கொடுத்து ஒரு இளைஞனை உட்கார வைக்க நாம பெருசா எதுவும் செய்யலை.

ஒப்பிட்டுப் பாருங்க. ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யில் புதிய இயந்திரங்கள், சான்றிதழ். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் போனால் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. படித்து முடித்தால் மாதச் சம்பளம். தறிப் பக்கமோ, 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. 1995-ல் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை அந்தக் கணக்கெடுப்பில் 35 லட்சம். காஞ்சியில் நெசவாளர் சேவை மையம் இருக்கு, சேலத்துல 1960-லிருந்து கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு. ஆனா வேற குடும்பத்துல பிறந்த ஒரு இருபது வயசுப் பெண், "எனக்குக் கோர்வை கத்துக்கணும்"னு வந்தா, கத்துக்கிற வருஷங்கள்ல சோறு போடுற வழி எங்கே இருக்கு?

பழைய சண்டை இன்னும் முடியலை. 2023-ல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு எதிர்த்தது. பதிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் இதே காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூரில் தொடங்கப்பட்டது. அதில் குலம் கேட்பதில்லை. வயது 35 ஆகியிருக்க வேண்டும். படிக்கிற வயதில் பிள்ளையைத் தொழிலுக்குத் தள்ளிவிடக் கூடாது என்ற பயம் அந்த எண்ணில் தெரிகிறது. 1953-ஐ நினைத்தால் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில், தானாக விரும்பி வருகிறவனுக்கும் ஒரு வாசல் வேண்டும்.

கிளம்பும்போது அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: "பேரன் திரும்பித் தறிக்கு வரணும்னு ஆசை இருக்காய்யா?"

"எங்க நைனா என்னைக் கேட்டு உட்கார வெக்கல தம்பி. அவனையாவது கேக்கணும்ல? அவன் கேக்குற சம்பளத்தை இந்தத் தறி குடுத்தா வரட்டும்."