சமாதான, முரண்பாட்டுக் கற்கை: யாழ்ப்பாணம்

போரும் வன்முறையும் ஏன் எழுகின்றன, எவ்வாறு தணிகின்றன, அவற்றின் பின் ஒரு சமூகம் எப்படி மீள்கிறது என ஆராயும் பல்துறைக் கல்வி சமாதான, முரண்பாட்டுக் கற்கை. மேலைநாடுகளில் இது இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்வித்துறையாக வளர்ந்தது. யொஹான் கல்டுங் 1959-இல் ஒஸ்லோவில் ஆய்வு நிறுவனமொன்றைத் தொடங்கினார். பிரித்தானியாவின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1973-இல் தனித்துறை அமைத்தது. யாழ்ப்பாணத்தில் இதற்கு வித்திட்டவர்கள் கணிதமும் மருத்துவமும் கற்பித்த ஆசிரியர்கள். அவர்கள் போருக்குள் இருந்தபடியே அதைச் செய்தனர்.

முன்னோடிகள்

1924-இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், இன, சாதிப் பிளவுகளைக் கடந்த சுயாட்சி பற்றிப் பேசியது. ஹன்டி பேரின்பநாயகம் இதன் முன்னணித் தலைவர். 1927-இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இந்த இளைஞர்களின் அழைப்பில்தான்.

பல்கலைக்கழகமும் போரும்

திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளாகத்தில் 1974-இல் பேராசிரியர் க. கைலாசபதி தலைமையில் தொடங்கிய பல்கலைக்கழக வளாகம், 1979-இல் தனிப் பல்கலைக்கழகமானது. 1981-இல் சுமார் 97,000 நூல்களுடன் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983-இல் அரச படைகளுக்கும் தமிழ் ஆயுத இயக்கங்களுக்கும் இடையே போர் மூண்டது.

1988-இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை செயற்படத் தொடங்கியது. கணித விரிவுரையாளர்கள் ராஜன் ஹூல், கோ. சிறீதரன், உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகிய நால்வரும் எழுதிய ‘முறிந்த பனை’ அரச படைகள், இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எவரையும் விலக்காமல் வன்முறையைப் பதிவு செய்தது. நூல் வெளிவருமுன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று, ராஜினி திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சுறுத்தலால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய பின்னரும் ஹூலும் சிறீதரனும் பதிவுப் பணியைத் தொடர்ந்தனர். 2007-இல் இருவருக்கும் மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது.

மனவடுவும் மீட்சியும்

போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்ற ‘கூட்டு மனவடு’ கருத்தை தயா சோமசுந்தரம் தம் களப்பணியிலிருந்து விரித்தெழுதினார். மருந்தோடு சுவாசப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்குரிய செபம் ஆகியவற்றையும் அவர் சிகிச்சையில் சேர்த்தார். யாழ்ப்பாணத்தின் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. உளநலம் சமாதானக் கற்கையின் உயிர்ப்பகுதி என்ற புரிதலே இந்த மண் உலகுக்குத் தந்த பெரும் பங்களிப்பு.

கற்கும் வழிகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல், சமூகவியல், சட்டம், உளவியல் ஆகிய பாடங்கள் வழியாக மாணவர்கள் இத்துறைக்குள் வருகின்றனர். கொழும்புப் பல்கலைக்கழகம் முரண்பாடும் சமாதானமும் பற்றிய முதுமாணிக் கற்கையை வழங்கியுள்ளது.

தொழில்கள்

இத்துறை கற்றோருக்குப் பணிக்களங்கள் பல உண்டு. 1988-இன் 72-ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைகள் அயலவர் பிணக்குகளை வழக்காகாமல் தீர்க்க முயல்கின்றன. அவற்றில் இருப்போர் தொண்டர்கள் என்றாலும், பயிற்றுநருக்கும் ஆய்வாளருக்கும் அங்கு வேலை உண்டு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகம் முறைப்பாடுகளை விசாரிக்கிறது. 2016-இன் சட்டத்தால் உருவாகி 2018-இல் பணி தொடங்கிய காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் இங்கே கிளை உண்டு. மிதிவெடி அகற்றல், நிலைமாறுகால நீதி, ஊடகம், உளசமூகப் பணி ஆகியவை ஏனைய களங்கள். யாழ்ப்பாணத்தின் செம்மணி மனிதப் புதைகுழியில் 2025-இல் நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வு, தொல்லியலும் சட்ட மருத்துவமும்கூட இத்துறைக்கு எவ்வளவு தேவை என உணர்த்தியது.

தொண்டு நிறுவன வேலைகள் பெரும்பாலும் திட்ட நிதியில் தங்கியவை. நிதி முடிந்தால் வேலையும் முடியும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சாட்சியம் கேட்டு எழுதத் தெரிந்தவர் எங்கும் தேவைப்படுகிறார்.

மதிப்பீடு

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 1995-இல் அதே நாளில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். இரண்டையும் ஒரே வகுப்பறையில், ஒரே நேர்மையுடன் கற்பிக்கும்போதே ‘முறிந்த பனை’ ஆசிரியர்கள் உயிரைப் பணயம் வைத்து வகுத்த அளவுகோலை யாழ்ப்பாணத்துச் சமாதானக் கல்வி எட்டும்.