மச்சானுக்கு வித்த சிலைகள்

ஆன்சைட் ஆணிக்கு நடுவுல ஒரு சனிக்கிழமை, ரோம்ல இருக்கற போர்கேஸே அருங்காட்சியகத்துக்குப் போனேன். முன்பதிவு இல்லாம உள்ள விடறதில்லை, விட்டாலும் இரண்டே மணி நேரம்தான். எல்லாரும் பெர்னினி சிலைகளைத் தேடி ஓட, நான் முதல் கூடத்துலயே அண்ணாந்து பார்த்துட்டு நின்னுட்டேன். கழுத்து வலி போக இரண்டு நாள் ஆச்சுங்க.

விஷயம் கூரையில இருக்கு. மரியானோ ரோஸ்ஸி 1775-79ல தீட்டின ஓவியம். பழைய ரோமை 'கால்' இனத்தார் (நம்ம கால் இல்லை, பிரான்ஸ் பக்கத்து ஆட்கள்) பிடிச்சுட்டாங்க. கிளம்பிப் போகணும்னா தங்கம் கொடுங்கறாங்க. தராசுல தங்கம் ஏறுற நேரத்துல தளபதி கமில்லஸ் வந்து பேரத்தை முறிச்சு அவங்களை விரட்டறார். லிவி சொல்ற கதை.

ஏன் இந்தக் கதை? 1775ல இந்த வீட்டு இளவரசருக்கு ஆண் வாரிசு பிறந்தது. பேரு கமில்லோ. புள்ளை அந்தத் தளபதி மாதிரி வரணும்னு அப்பாவுக்கு ஆசை.

வந்தானா? 1803ல நெப்போலியன் தங்கச்சி பாலினைக் கட்டிக்கிட்டார். 1807ல மச்சான் சிலைகளைக் கேட்டார். சக்கரவர்த்தி மச்சான் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? பேசின விலை 1 கோடியே 30 லட்சம் ஃபிராங்க். நூத்துக்கணக்குல பழங்காலச் சிற்பங்கள் பாரிசுக்கு வண்டி ஏறிச்சு. தூங்கற ஹெர்மாஃப்ரோடிட்டஸ் சிலைக்கு பெர்னினி செதுக்கின பளிங்கு மெத்தையும் கூடவே போச்சு. (மெத்தை ஃப்ரீ போல!)

தங்கம் கொடுக்க விடாதவன் பேரை வச்ச புள்ளை, அதே பிரான்ஸ்காரங்க கிட்ட தங்கம் வாங்கிக்கிட்டு வித்திருக்கான். தலைக்கு மேல அந்த ஓவியம் இருக்கும்போதே!

1815ல நெப்போலியன் விழுந்ததும், இத்தாலியில கொள்ளையடிச்ச லவோகூன் மாதிரியான சிலைகள் பல திரும்பி வந்துச்சு. இது கிரயம் ஆச்சே, வரலை. இன்னிக்கும் லூவ்ர்லதான் இருக்கு. எங்க தாத்தா வீட்டை வித்தப்போ ஊஞ்சலையும் சேர்த்துக் கொடுத்துட்டு, அப்புறம் அப்பா அந்தத் தெரு வழியாவே போகாம இருந்தது ஞாபகம் வந்துச்சு.

இப்ப அந்தக் கூடத்துல இருக்கற சிலைகள் வேற. தரையில பதிச்சிருக்கற கிளாடியேட்டர் மொசைக் 1834ல அவங்க குடும்ப நிலத்துலயே தோண்டி எடுத்தது. புகழ்பெற்ற போர்கேஸே கிளாடியேட்டர் சிலை பாரிசுல. இங்க தரையில இருக்கற வீரர்கள்ல செத்தவன் பேருக்குப் பக்கத்துல மட்டும் ஒரு வட்டம், நடுவுல கோடு. எண்ணிட்டு இருக்கும்போதே மணி அடிச்சு வெளிய அனுப்பிட்டாங்க.

பெர்னினியைப் பார்க்க இன்னொரு டிக்கெட் எடுக்கணும் :-(